ஒன்பதாவதாக எடுத்த பையன்

கோல்பி ராங்கின் பந்து எறிவதை முதன்முதலில் பார்த்த அன்று மார்வா டில்லரி குறிப்பெடுக்க மறந்துபோனாள். மிசிசிப்பியில் ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானம், பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஆட்டம். பையனுக்குப் பத்தொன்பது வயது. எதிரணித் தடியன்கள் இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்து வருகிறார்கள். இடப்பக்கமாக ஓடிக்கொண்டே, நின்று நிதானிக்காமல், அறுபது கஜத்துக்கு வீசினான். பந்து இறங்கிய இடத்தில் அந்த நொடி யாரும் இல்லை. அடுத்த நொடி ஒருவன் ஓடி வந்தான், பந்து அவன் கையில் வந்து உட்கார்ந்தது.

"யம்மாடி! இவன் கை எலும்பும் சதையும்தானா?" என்றான் பக்கத்தில் இருந்தவன், வேறு அணிக்காக ஆள் பார்க்க வந்தவன்.

மார்வாவுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது.

டோலிடோ மில்லர்ஸ் அணிக்காகப் பதினாலு வருஷமாகத் தென்மாநிலங்களைச் சுற்றி வருபவள் அவள். கல்லூரிப் பையன்களில் யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று பார்த்து எழுதி அனுப்புவது வேலை. இந்த வேலை பார்க்கும் மற்ற ஸ்கவுட்டுகள் மைதானத்தோடு நின்றுவிடுவார்கள். அவள் நிற்க மாட்டாள். விடுதிக் காவலாளி, சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிறவர்கள், அழுக்குத்துணி துவைக்கிறவர் என்று எல்லோரிடமும் போய் நிற்பாள். கை எப்படி என்று கண்ணுள்ள எவனும் சொல்லிவிடுவான், ஆள் எப்படி என்பதை நாலு பேரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பாள். இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு, கறுப்பினப் பெண்கள் அதைவிடக் குறைவு. "வம்பு பேசப் போறியா மார்வா?" என்று கேலி செய்தவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல், பிறகு அவள் எழுதியதைப் படித்துப் பிழைத்தவர்கள்தான்.

மூன்று வருஷம் கோல்பியைப் பின்தொடர்ந்தாள். அவன் ஆடியது குவார்ட்டர்பேக் இடத்தில்; குவார்ட்டர்பேக் என்றால் அணிக்கே தலை. அவன் கையில்தான் பந்து, அவன் வாயில்தான் உத்தரவு. டோலிடோவுக்குப் பத்து வருஷமாக அப்படி ஒருவன் வாய்க்கவில்லை. இவன் வந்தால் போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். கையைப் பற்றி அவள் கொடுத்த மதிப்பெண் அவள் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காதது.

அவனுடைய கடைசி வருஷம், செப்டம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை, அவனுடைய பிக்கப் வண்டி ஒரு பெண்மணியை இடித்துப் போட்டது. ஆர்லீன் கட்பர்த், பல்கலைக்கழக உணவுக்கூடத்துச் சமையற்காரி. ஐந்தரை மணிக்கு வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள். இடுப்பும் வலது காலும் நொறுங்கின. ஓட்டியது கோல்பி அல்ல, களத்தில் அவனுக்கு முன்னால் நின்று எதிரணியை மறிக்கும் லாமான்ட் கிரிக்ஸ்பி என்று போலீஸ் காகிதம் சொன்னது. தூக்கக் கலக்கம், கவனக்குறைவு, லாமான்ட் குடித்திருக்கவில்லை. வழக்கு லேசாக முடிந்தது. அவன் படிப்பும் விளையாட்டும் அத்தோடு போயின.

பிப்ரவரியில் மார்வா அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வண்டிக்குள் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டி முன்னுக்கு இழுக்கப்பட்டிருந்தது. லாமான்ட் ஆறடி ஏழங்குலம், நூற்றைம்பது கிலோ.

ஊருக்கு வெளியே ஒரு மர மில்லில் பலகை தூக்கிக்கொண்டிருந்தான் அவன். மதிய இடைவேளையில் போய் நின்றாள்.

"நான்தான் ஓட்டினேன் மேடம். பேப்பர்ல இருக்கு, போய்ப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். அந்த சீட்டுல உன்னோட ஒரு தொடை உக்காராது, லாமான்ட்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது; கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஐந்து மாதமாக ஒருவர்கூட அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"பார்ட்டி முடிஞ்சு வந்தோம். நான் பக்கத்துல தூங்கிட்டிருந்தேன். அவன் நல்லாக் குடிச்சிருந்தான். சத்தம் கேட்டு முழிச்சா, அந்தம்மா ரோட்டோரத்துல கெடக்கறாங்க. நான் ஆம்புலன்சுக்கு போன் பண்றேன், இவன் சின்ன கோச்சுக்கு, எங்க உதவி கோச்சுக்கு, போன் பண்றான்."

"கோச் என்ன சொன்னாரு?"

"'அவன் இல்லேன்னா டீம் இல்ல, நீ வெறும் மாத்து ஆளு. மூணு மேட்ச் வெளிய உக்காருவ, அவ்வளவுதான்'னாரு. மூணாவது வாரம் ரூமைக் காலி பண்ணுன்னுட்டாங்க."

"கோல்பி?"

"அன்னிக்கு அழுதான் மேடம். கால்ல விழாத கொறை. 'சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்டா'ன்னான். அப்புறம் போன்கூட எடுக்கல."

இதையெல்லாம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவனுடைய அம்மா வீட்டிலேயே பெண்களுக்கு முடி பின்னிவிட்டுப் பிழைப்பவள். வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பல்கலைக்கழக அணிக்காக உயிரை விடுகிறவர்கள்.

"எம் பேரு வெளிய வரக் கூடாது."

"ரெண்டு பேர்தான் படிப்பாங்க. நானும் என் பாஸும். சத்தியம்."

அறிக்கையில் பேரை எழுதவில்லை. மற்றதையெல்லாம் எழுதினாள். கடைசி வரியை மோட்டலில் மூன்று தரம் அடித்துத் திருத்தினாள்: 'களத்தில் தனக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறவனை, களத்துக்கு வெளியேயும் முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொண்டவன். நமக்கு வேண்டாம்.'

ஏப்ரல் நடுவில் டோலிடோவில் கூட்டம். அணியின் முதலாளி ஹாலிஸ் பெம்பர்டன், மார்வாவின் பாஸான மேலாளர் ரஸ் டெக்கர்ட், தலைமைப் பயிற்சியாளர், மேசையைச் சுற்றி இன்னும் பத்துப் பேர். மார்வாவின் அறிக்கைத் தாள் டெக்கர்டிடம் மட்டும்தான் இருந்தது. சுவரில் காந்தப் பலகை, அதில் பையன்களின் பெயர்ச் சீட்டுகள்.

"எனக்குப் பந்து எறியத்தான் ஆள் வேணும், சர்ச்சுல ஜெபம் பண்ண இல்ல. இருபது வயசுல நாம யாரும் தப்பு பண்ணலியா?" என்றார் பயிற்சியாளர்.

"பண்ணினோம். இடிச்சதைக்கூட நான் மன்னிச்சிருப்பேன், சார்" என்றாள் மார்வா. "பயத்துல அன்னிக்குப் பொய் சொன்னான், அதையும் விடுங்க. அடுத்த நாள்? அடுத்த வாரம்? அவனுக்காகப் படிப்பை விட்ட பையன் அங்க பலகை தூக்கறான், இவன் போனை எடுக்கல. நாளைக்கு நம்ம டீம் தோத்தா யாரைக் கைகாட்டுவான்னு நெனைக்கிறீங்க? உங்களைத்தான்."

யாரோ சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

டெக்கர்ட் எழுந்து பலகைக்குப் போனார். கோல்பியின் சீட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மார்வா சொன்னா சொன்னதுதான். அடுத்த பேரு."

கூட்டம் முடிந்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கொஞ்சம் அழுதாள். பதினாலு வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டார்களே என்ற சந்தோஷம். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு எதையும்விட அதிகமாகக் கசந்தது.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. போன வருஷம் அதிகம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, பிறகு வரிசையாக. டோலிடோவின் முறை ஒன்பதாவது. கோல்பி முதல் மூன்றுக்குள் போய்விடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று மாலை எல்லோரும் அதே அறையில் கூடியிருந்தார்கள். மேசையில் தொத்திறைச்சி, ஊறுகாய், கடுகுச் சாஸ். தொலைக்காட்சியில் கோட்டு போட்ட செய்தியாளன் ஒருவன் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரு அணியின் ரகசிய அறிக்கை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ராங்கினைப் பற்றி அது சொல்வதைக் கேளுங்கள்: களத்தில் தனக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறவனை..."

மார்வா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"...அந்தச் சக வீரர் இப்போது ஒரு மர மில்லில் வேலை செய்கிறார். செப்டம்பர் விபத்தில் வண்டியை ஓட்டியது தானல்ல என்று அவர் அந்த ஸ்கவுட்டிடம் சொல்லியிருக்கிறார்."

பேர் சொல்லவில்லைதான். அந்த ஊரில் யாருக்குப் பேர் வேண்டும்? ஆறடி ஏழங்குல ஆள் எந்த மில்லில் வேலை பார்க்கிறான் என்று பெட்ரோல் பங்க் பையன்கூடச் சொல்வான்.

முதல் அணி வேறொருவனை எடுத்தது. இரண்டாவது, மூன்றாவது. திரையில் கோல்பி தன் குடும்பத்தோடு உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். நாலு, ஐந்து, ஆறு. அறையில் ஒரு மாதிரி முறுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. மார்வா டெக்கர்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. நிதானமாகத் தொத்திறைச்சியைக் கடுகில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எட்டாவது பெயர் அறிவிக்கப்பட்டதும் விரலை நாப்கினில் துடைத்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார், கோல்பி ராங்கினின் சீட்டை எடுத்துப் பலகையின் உச்சியில் டொக்கென்று ஒட்டினார்.

அறை அதிர்ந்தது. ஆளை ஆள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெம்பர்டன் கிழவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மார்வா எழுந்து டெக்கர்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரஸ், அந்த ரிப்போர்ட்ட டிவிக்கு நீங்களா குடுத்தீங்க?"

"மெதுவாப் பேசு."

"நீங்களா குடுத்தீங்கன்னு கேட்டேன்."

"அவன் மூணாவதுல போக வேண்டியவன் மார்வா. நம்ம எடம் ஒம்போது. மேல இருக்கற எட்டுப் பேருக்கும் பயம் காட்டாம எப்படி நமக்குக் கெடைப்பான்? உன் ரிப்போர்ட்டாலதான் கெடச்சான். இந்த வருஷத்து வெற்றியே உன்னுதுதான், சந்தோஷப்படு."

"நான் வேணாம்னு எழுதினேன்."

"அவங்க படிச்சாங்க, அவங்களுக்கு வேணாம்னு தோணிச்சு. எனக்கு வேணும்."

"அந்தப் பையனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்யா! அவனை நடுரோட்டுல நிறுத்திட்டியே. ஒரு சீட்டை மேல ஒட்டறதுக்கு ஒரு ஆளையே வித்துட்டியே!"

"குரலை இறக்கு. முதலாளி பாக்கறாரு."

முதலாளி உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரித்துக்கொண்டு. கையில் போன், மறுமுனையில் கோல்பி. வழக்கப்படி ஒவ்வொருவராக அவனை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதோ, நம்ம மார்வா! உன்ன மூணு வருஷமாப் பாத்தவ, தம்பி" என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு அவளிடம் நீட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

மார்வா வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்யூ மேடம், ரொம்பத் தேங்க்ஸ்" என்றது போன். பின்னால் ஒரே ஆரவாரம்.

"கோல்பி, அந்த வண்டிய யாருப்பா ஓட்டினது?"

போனின் மறுபக்கம் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"மேடம்... அது முடிஞ்சு போன விஷயம்னு கோச் சொன்னாரு."

"முடிஞ்சிருச்சா? ஆர்லீன் இப்ப எப்படி நடக்கறாங்க, தெரியுமா?"

"யாரு?" என்றான் அவன்.

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அந்த ஒற்றைச் சொல்லில் அவளுடைய கடைசித் துளி இரக்கமும் வற்றிப்போயிற்று.

டெக்கர்ட் போனைப் பிடுங்கிக்கொண்டார். "லைன் சரியில்ல தம்பி, அப்புறம் கூப்பிடறோம்." பிறகு அவளைப் பார்த்து, "வெளிய போ" என்றார்.

"போகத்தான் போறேன். நீ சொல்லி இல்ல." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் தட்டில், கடுகுச் சாஸின் நடுவில் போட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பதினாலு வருஷம் கூட இருந்தவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் மதியம் மிசிசிப்பியில் இருந்தாள். மில்லில் லாமான்ட் இல்லை. காலையிலேயே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனாள். முன்ஜன்னல் கண்ணாடி உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. அவன் அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அன்று முடி பின்ன வர வேண்டிய மூன்று பேரும் வரவில்லை.

லாமான்ட் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு பேருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சத்தியம்னீங்க."

"ஆமா, லாமான்ட்."

"அவன் ஒரு தடவ என்னைப் பயன்படுத்திக்கிட்டான். நீங்க ரெண்டாவது. உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது அழுதான்."

பதில் அவள் தொண்டை வரை வந்தது. டெக்கர்டின் பேர், ஏமாந்த கதை, எல்லாம். அதைச் சொன்னால் அவளும் தனக்கு முன்னால் இன்னொருவனை நிறுத்தியதாகிவிடும். "நான் குடுத்த வாக்கு. நான்தான் காப்பாத்தல" என்றாள்.

"போங்க இங்கிருந்து."

போனாள், ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. நெடுஞ்சாலை மோட்டலில் அறை எடுத்து, தன் பேரையும் விலாசத்தையும் போட்டு, மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கும், எல்லா அணிகளையும் நடத்தும் லீக் தலைமையகத்துக்கும் எழுதினாள். இருக்கையின் புகைப்படம், சின்ன கோச்சின் பேச்சு, அறிக்கையைத் தன்னிடமிருந்து வாங்கிய டெக்கர்ட் அதை ஏன் வெளியில் விட்டார் என்பது, அத்தனையும். லாமான்டின் பேரை அப்போதும் எழுதவில்லை. இரண்டு நாளில் அணியின் வக்கீலிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. அவள் அதைக் கிழிக்காமல் மூன்றாவது இணைப்பாகச் சேர்த்து மறுபடி அனுப்பினாள்.

நாலாம் நாள் போன் அடித்தது.

"நான் அந்தம்மா வீட்டுக்குப் போறேன்" என்றான் லாமான்ட். "அம்மா வண்டி பஞ்சர். நீங்க கொண்டு விடணும். வேற எதுவும் பேச வேணாம்."

மார்வா கொண்டு விட்டாள். ஆர்லீன் கட்பர்த் கதவைத் திறக்க நேரமாயிற்று; நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தாள். அறுபது வயதிருக்கும். வந்தவன் யாரென்று தெரிந்ததும் அவள் முகம் கல்லாயிற்று.

"எதுக்கு வந்த?"

"ஓட்டினது நான் இல்லம்மா. நான்னு சொன்னேன். பொய். அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஆர்லீன் அவனை உற்றுப் பார்த்தாள். டிவியில் அவளும் கேட்டிருப்பாள். ஆனால் அவன் வாயால் கேட்டபோது நடைவண்டிப் பிடியில் அவள் விரல்கள் இறுகின.

"ஏழு மாசம். ஏழு மாசமா தெனம் காலையில காலைக் கீழ வெக்கறப்பல்லாம் உன்னைத் திட்டினேன்டா. உன் பேரைச் சொல்லித் திட்டினேன். என் வலியக்கூடத் தப்பான ஆள் மேல செலவழிக்க வெச்சுட்டீங்களேடா பாவிகளா!"

"மன்னிச்சிருங்கம்மா."

"உன்ன மன்னிக்கறதா வேணாமாங்கறத நான் அப்புறம் பாத்துக்கறேன். முதல்ல ஷெரிஃப்கிட்ட போலாம், வா. அந்த நீல ஷாலை எடு. யாரு அது வண்டியில? அவளையும் வரச் சொல்லு, இந்தப் படியில எனக்கு ரெண்டு தோள் வேணும்."

ஷெரிஃப் அலுவலகத்துக்குள் லாமான்ட் மூன்று மணி நேரம் இருந்தான். மார்வா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். வந்தவன் அவளைப் பார்த்து, "சொல்லிட்டேன். உங்களுக்காக இல்ல" என்றான்.

"தெரியும்."

வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. சின்ன கோச்சுக்கு வேலை போனது. பொய் சொன்னதற்காக லாமான்டுக்கு நீதிபதியின் கண்டிப்பும் நூறு மணி நேரப் பொதுப்பணியும். ஆகஸ்டில் அர்க்கன்சாவில் ஒரு சின்னக் கல்லூரி படிக்கவும் விளையாடவும் அவனை எடுத்துக்கொண்டது. கோல்பி நாலு வக்கீல்களோடு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறை இல்லை. லீக் அவனுக்கு நாலு ஆட்டம் தடை போட்டது. டெக்கர்டை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அறிக்கை எப்படி வெளியே போனது என்று 'உறுதி செய்ய முடியவில்லை' என அணி ஒரு வரி வெளியிட்டது. அந்த வரியைப் படித்த அன்று மார்வா சமையலறையில் நின்று ஒரு தட்டை உடைத்தாள். பிறகு குனிந்து பொறுக்கினாள்.

வேறு இரண்டு அணிகள் அவளைக் கூப்பிட்டன. "நீங்க தோண்டற மாதிரி யாரும் தோண்டறதில்ல" என்றார் ஒருவர். தோண்டி எடுப்பதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். போனை வைத்துவிட்டாள். டோலிடோவிலேயே, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு நடத்தும் அலுவலகத்தில் விசாரணை ஆளாகச் சேர்ந்தாள். அங்கே அவள் கேட்டு எழுதி வருவதை நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாசிப்பார்கள்.

அக்டோபரில் தடை முடிந்து கோல்பி இறங்கினான். முதல் ஆட்டத்திலேயே நாலு டச்டவுன், ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. மறுநாள் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வந்த மார்வாவைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பில் ராங்கினின் பேர் போட்ட அணிச் சட்டை.

"நேத்துப் பாத்தீங்களா? என்னமா எறியறான்! இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்ல."

"நல்லா எறிவான். அவன் நல்லா எறிவான்னு உங்க டீமுக்கு முதல்ல எழுதினதே நான்தான்."

"அப்படியா! அப்ப உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!"

மார்வா அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், பனிக்காலத்தில் அவள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிடுகிறவர். கழுத்து நரம்பு புடைக்க அவள் வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

"இந்தப் படியில உக்காருங்க. மீதியையும் சொல்றேன்" என்றாள். "அரை மணி நேரமாகும். சட்டையக் கழட்டணுமா வேணாமான்னு அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அவர் உட்கார்ந்தார்.